பெண் அந்துப்பூச்சியின் வால் நுனியில் என்ன நடக்கிறது?

திருக்கோவிலுக்கு மேற்கே, கஞ்சிகுடிச்சாறு பக்கம் என் சின்ன மாமாவுக்கு இரண்டு ஏக்கர் காணி இருக்கிறது. மேட்டில் சோளம், கிணற்றடியில் கொஞ்சம் கத்தரி. போன முறை நான் போனபோது கத்தரிப் பாத்திக்கு நடுவே ஒரு தடியை நட்டு, புனல் போன்ற ஒரு பிளாஸ்டிக் பொறியைக் கட்டியிருந்தார். உள்ளே அழிறப்பரில் வெட்டியெடுத்த துண்டுபோல ஒரு சிறிய றப்பர் தொங்கியது. பக்கத்துக் காணிக்காரர் வேலியோரம் நின்று எனக்கு விளக்கம் சொன்னார்: "இதற்குள் பெண் பூச்சியின் மணத்தை அடைத்து வைத்திருக்கிறார்கள் தம்பி. ஊரில் உள்ள பூச்சியெல்லாம் மயங்கி வந்து விழுந்துவிடும்."

அவர் சொன்னதில் பெண், பூச்சி என்ற இரண்டு சொற்களைத் தவிர மற்றதெல்லாம் பிழை. றப்பரில் இருப்பது தொழிற்சாலையில் செய்த பொருள். பெண் பூச்சியிடமிருந்து எடுத்தது அல்ல. அதை நம் மூக்கால் மணக்க முடியாது. ஊரில் உள்ள பூச்சியெல்லாம் வராது. ஓர் இனத்தின் ஆண்கள் மட்டுமே வரும். அவையும் மயங்கி வருவதில்லை. ஆனாலும் அவரைக் குறை சொல்வதற்கில்லை. இந்தப் பொறிக்குத் தமிழில் 'இனக்கவர்ச்சிப் பொறி' என்று பெயர் வைத்துவிட்டோம். கவர்ச்சி என்றதும் மயக்கமும் கூடவே வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, வாசனைத் திரவியம் விற்பவர்களும் பெரோமோன் என்ற சொல்லைப் போத்தலில் ஒட்டி விற்கிறார்கள். (உயிர்கள் தம் இனத்துக்கு விடும் வேதிச் சேதிக்கு அந்தப் பெயர்; விளக்கம் பின்னால்.) மனிதருக்கு அப்படி ஒரு பெரோமோன் இருப்பதாக இன்றுவரை ஐயமற நிறுவப்படவில்லை. பூச்சிக்கு இருக்கிறது. அது உருவாகும் இடமும் தெரியும், உருவாகும் விதமும் தெரியும்.

முதலில் ஒரு பாண் வண்டி

பின்னேரம் ஐந்து மணிக்கு ஒழுங்கைக்குள் பாண்காரரின் முச்சக்கரவண்டி ஒரு மெட்டை இசைத்துக்கொண்டு வருகிறது. அந்த மெட்டு யாருடைய கையையும் பிடித்து இழுப்பதில்லை. பாண் வேண்டியவர் கேட்டதும் சில்லறையை எடுத்துக்கொண்டு படலைக்கு வருகிறார். வேண்டாதவர் தன் வேலையைப் பார்க்கிறார். ஊருக்குப் புதியவருக்கு அது வெறும் இசை. ஐஸ்கிறீம் வண்டியின் மெட்டு வேறு. அது கேட்டால் சிறுவர்கள் ஓடுவார்கள், பெரியவர்கள் அசையமாட்டார்கள். மெட்டுக்கு நேரமும் உண்டு. நள்ளிரவில் யாரும் பாண் மெட்டுப் போடுவதில்லை.

பெண் அந்துப்பூச்சி செய்வதும் ஏறக்குறைய இதுதான். மெட்டுக்குப் பதிலாக ஒரு வேதிப்பொருளைக் காற்றில் விடுகிறது. ஓர் உயிரின் உடலிலிருந்து வெளியேறி, அதே இனத்தைச் சேர்ந்த இன்னோர் உயிரின் நடத்தையையோ உடலையோ மாற்றும் வேதிப்பொருளுக்குப் பெரோமோன் என்று பெயர். உடலுக்குள்ளேயே இரத்தத்தில் ஓடி அதே உடலுக்குக் கட்டளை இடுவது ஹார்மோன். உடலை விட்டு வெளியே போய் மற்றவருக்குச் சேதி சொல்வது பெரோமோன். இந்தச் சொல்லை 1959இல் பீற்றர் கார்ல்சன், மார்ட்டின் லூஷர் என்ற இருவர் உருவாக்கினார்கள். சுமந்து செல்லுதல், கிளர்த்துதல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டியதுதான் அது.

எல்லாப் பெரோமோனும் இனச்சேர்க்கைக்கானது என்று நினைக்க வேண்டாம். எறும்புச் சாரி ஒழுங்காகப் போவதும் பெரோமோனால்தான். தென்னையைத் துளைக்கும் செவ்வண்டில் பெரோமோனை விடுவது ஆண்; அதை நோக்கி ஆணும் பெண்ணுமாக இரண்டும் வந்து கூடும். நான் இங்கே சொல்லப்போவது பெண் அந்துப்பூச்சியின் இனச்சேர்க்கைப் பெரோமோனைப் பற்றி மட்டும்.

வால் நுனியில் ஒரு மடிப்பு

அன்றிரவு மாமாவுடன் கத்தரிப் பாத்திக்குள் இறங்கினேன். டோர்ச் வெளிச்சத்தை நேராக அடிக்காமல் கையால் மறைத்துக்கொண்டு இலைகளுக்கு அடியில் தேடினோம். அரை மணி நேரத்தில் ஒன்று அகப்பட்டது. வெள்ளைச் சிறகில் பழுப்புத் திட்டுகள், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. வயிற்றின் நுனியை மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் இருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை அருகில் கொண்டுபோனபோது, அந்த நுனியிலிருந்து வெளிர்மஞ்சளாக, ஈரப் பளபளப்போடு ஏதோ கொஞ்சம் துருத்திக்கொண்டு வந்தது, உள்ளே போனது, மறுபடியும் வந்தது. என் விரல் இடுக்கால் வெளிச்சம் கசிந்த கணத்தில் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. "முட்டை இடுகிறது" என்றார் மாமா. முட்டை எதுவும் விழவில்லை. அது அழைத்துக்கொண்டிருந்தது. இந்தச் செயலுக்கு ஆய்வாளர்கள் இட்டிருக்கும் பெயரும் 'அழைத்தல்' என்பதுதான்.

துருத்திக்கொண்டு வந்ததுதான் சுரப்பி. சுரப்பி என்றால் ஒரு பொருளை உண்டாக்கி வெளிவிடும் உயிரணுக்களின் கூட்டம். அந்துப்பூச்சியின் வயிறு வளையம் வளையமாக அமைந்தது. பெரும்பாலான இனங்களில் எட்டாவது வளையத்துக்கும் ஒன்பதாவதுக்கும் இடையே உள்ள மெல்லிய சவ்வு, ஒரு மடிப்பாக உள்ளே சுருண்டு கிடக்கும். சட்டைப்பையை உள்ளிருந்து வெளியே இழுத்துவிட்டால் எப்படித் தொங்கும், அப்படித்தான் அழைக்கும் நேரத்தில் அந்த மடிப்பை அது வெளியே தள்ளுகிறது. உடலுக்குள் இருக்கும் இரத்தத்தின் அழுத்தமே தள்ளுகிறது. வெளியே வந்த சவ்வின் மேல் காற்றுப் படுகிறது. மேற்பரப்பில் இருக்கும் பொருள் ஆவியாகிப் போகிறது. பீச்சுவதில்லை, தெளிப்பதில்லை. ஈரத் துணியைக் கொடியில் விரிப்பதுபோல விரித்துவிட்டு இருக்கிறது, அவ்வளவுதான்.

கொழுப்பிலிருந்து அழைப்பு

சுரப்பிக்குள் ஒரு மணக்குப்பி நிரம்பியிருப்பதாக நான் முன்பு கற்பனை செய்து வைத்திருந்தேன். அப்படி இல்லை. சவ்வின் உயிரணுக்களே சிறு பட்டறைகள். அவற்றுக்கு மூலப்பொருள் சாதாரணக் கொழுப்பு. தேங்காயெண்ணெயிலும் கொஞ்சம் இருக்கும் பாமிற்றிக் அமிலம் என்ற பதினாறு காபன் அணுச் சங்கிலியில் இருந்துதான் பல இனங்களில் வேலை தொடங்குகிறது.

ஒரு தையற்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே துணி. ஒருவருக்கு இரண்டு அங்குலம் குறைக்கிறார். இன்னொருவருக்கு நடுவில் மடிப்பு வைக்கிறார். மற்றவருக்கு ஓரத்தில் வேறு கரை தைக்கிறார். பூச்சியில் இந்தத் தையல் வேலையைச் செய்பவை நொதிகள். நொதி என்றால் ஒரு வேதி மாற்றத்தை விரைவாக்கிக் கொடுக்கும் புரதம். ஒரு நொதி சங்கிலியின் குறிப்பிட்ட இடத்தில் இரட்டைப் பிணைப்பைப் போட்டு அதன் வடிவத்தை மாற்றும். ஒரு நொதிக் கூட்டம் இரண்டிரண்டு காபனாக நீளத்தைக் குறைக்கும். இன்னொன்று நுனியை மாற்றிக் கொடுக்கும். வெட்டும் இடமும் மடிக்கும் இடமும் மாறினால் வேறு பொருள், வேறு இனத்தின் அழைப்பு.

பெரும்பாலும் ஒரு பொருள் மட்டும் போதாது, கலவை வேண்டும். நம் வயல்களில் வெண்கதிர் விழ வைக்கும் நெல்லின் மஞ்சள் தண்டு துளைப்பானில் முக்கியப் பொருட்கள் இரண்டு, ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற அளவில். ஒரே மல்லி, ஒரே மிளகாய். அளவு மாறினால் கறித்தூளின் சுவையே வேறு. ஐரோப்பியச் சோளத் துளைப்பான் என்ற பூச்சியில் இதை அழகாகக் காணலாம். அதில் இரண்டு குலங்கள். இரண்டும் அதே இரண்டு பொருட்களைத்தான் விடுகின்றன. ஒரு குலத்தில் முதற்பொருள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. மற்றதில் தலைகீழாக, ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. ஒரு குலத்தின் ஆண் மற்றக் குலத்துப் பெண்ணின் அழைப்பைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

கடை திறக்கும் நேரம்

தலையை வால் நுனியோடு இணைத்துப் பார்த்தது 1984இல் அசோக் ரைனாவும் அவரோடு ஆய்வு செய்த கிளனும். சோளக் கதிர்ப்புழு என்ற இனத்தின் பெண் அந்துப்பூச்சிகளின் கழுத்தை அவர்கள் இறுக்கிக் கட்டினார்கள். தலையிலிருந்து உடலுக்கு எதுவும் போகாதபடி தடுத்ததும் வால் நுனியில் பெரோமோன் உண்டாவது நின்றுபோனது. பிறகு இன்னொரு பூச்சியின் தலையிலிருந்து எடுத்த சாற்றை உடலுக்குள் செலுத்தினார்கள். உற்பத்தி மறுபடியும் தொடங்கியது. கட்டளை போவது தலையிலிருந்து, அதுவும் இரத்தத்தின் வழியாக என்பது அதனால் தெளிவானது. மூளைக்குக் கீழே இருக்கும் ஒரு நரம்பு முடிச்சில் உண்டாகும் சிறு புரதத் துண்டு ஒன்றுதான் அந்தக் கட்டளைச் சீட்டு. ஆக, பெண் பூச்சியின் உடலுக்குள் ஒரு ஹார்மோன் ஓடி, உடலுக்கு வெளியே போகும் பெரோமோனைத் திறந்துவிடுகிறது.

அதனால்தான் நேரம் தப்புவதில்லை. சில இனங்கள் இருட்டியதும் அழைக்கும்; சில நள்ளிரவுக்குப் பின்; சில விடியப் போகும் வேளையில். இணை சேர்ந்த பிறகு பல இனங்களில் பெண்ணின் உற்பத்தி சில மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. ஆண் கொடுத்துவிட்டுப் போகும் திரவத்தில் உள்ள பொருட்களுக்கும் இதில் பங்கு உண்டு. பாண் விற்று முடிந்த வண்டி மெட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறது.

இதுவரை சொன்னதைக் கோத்துப் பார்த்தால்: வால் நுனிச் சவ்வில் சுரப்பி, அதற்குச் சரக்கு கொழுப்பு, வெட்டித் தைப்பவை நொதிகள், திறக்கவும் மூடவும் கட்டளை தலையிலிருந்து. அழைப்பு காற்றில் ஏறிவிட்டது.

இழுப்பது யார்?

காந்தம் இரும்பை இழுப்பதுபோலப் பெண் ஆணை இழுக்கிறது என்பது பொதுவான எண்ணம். எனக்கு மிகவும் பிடித்த தவறும் இதுதான். ஏனென்றால் உண்மை இதைவிடச் சுவையானது.

வாழைச்சேனைப் பக்கம் கருவாடு காயும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நடந்து பாருங்கள். மணம் ஒரே சீராக வராது. ஒரு கணம் மூக்கைத் துளைக்கும். அடுத்த கணம் இல்லை. இரண்டு அடி நடந்தால் மறுபடி வரும். காற்று மணத்தைப் பிய்த்துப் பிய்த்துத்தான் கொண்டுவருகிறது. கிட்டப் போகப் போக மணம் கூடும் என்று மூக்கை மட்டும் நம்பிப் போனால் வழி தப்பிவிடும். நாம் என்ன செய்வோம்? காற்று வரும் திசைக்கு முகத்தைத் திருப்புவோம். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் மேற்கே பார்ப்போம், வாடை என்றால் வடகிழக்கே.

ஆண் அந்துப்பூச்சியும் அதையே செய்கிறது. அதன் உணர்கொம்புகள், அதாவது தலையில் இருக்கும் மணம் பிடிக்கும் இரண்டு கொம்புகள், பல இனங்களில் இறகுபோல விரிந்திருக்கும். பட்டுப்பூச்சியின் ஆணுக்கு ஒரு கொம்பில் மட்டும் ஏறத்தாழ 17,000 நுண்மயிர்கள் இந்த ஒரு வேலைக்காகவே இருக்கின்றன. அழைப்பின் துணுக்கு ஒன்று பட்டால் ஆணுக்குக் கிடைக்கும் விதி எளியது: காற்றை எதிர்த்துப் பற. மணம் அறுந்துபோனால்: முன்னேறாதே, இடமும் வலமுமாக வீசிப் பற. மறுபடி பட்டால்: மறுபடி எதிர்த்துப் பற. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இந்த வளைந்து நெளிந்த பறப்பு மயக்கத்தில் தள்ளாடுவதுபோலத் தெரிகிறது. தள்ளாட்டம் அல்ல, தேடல். மணம் 'இருக்கிறேன்' என்று மட்டும் சொல்கிறது. 'எங்கே' என்பதைக் காற்றிடம் கேட்க வேண்டும்.

பிரெஞ்சு இயற்கையாளர் ழான் ஆன்றி ஃபாப்ர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைத் தொட்டுவிட்டார். கூண்டில் வைத்த ஒரு பெரிய பெண் அந்துப்பூச்சியைத் தேடி அன்றிரவே நாற்பது ஆண்கள் அளவில் அவர் வீட்டுக்குள் வந்தன. வேறோர் இனத்துப் பெண்ணை அவர் கண்ணாடிக் குடுவைக்குள், கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார். அது முன்பு இருந்த கூண்டை வெறுமையாக இன்னொரு மூலையில் விட்டுவைத்தார். ஆண்கள் கண்ணெதிரே இருந்த பெண்ணைக் கடந்து போய், வெறும் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தன.

எவ்வளவு, எவ்வளவு தூரம்?

ஒரு பெண்ணின் சுரப்பியில் இருக்கும் பெரோமோனை நானோகிராமில் அளக்கிறார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோகிராம். ஜெர்மனியின் அடொல்ஃப் பூட்டனான்ட் முதன்முதலாக ஓர் அந்துப்பூச்சியின் பெரோமோனைப் பிரித்து அடையாளம் கண்டபோது ஏறத்தாழ ஐந்து இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. வேலை இருபது ஆண்டுகள் அளவில் இழுத்தது. 1959இல் அறிவித்த அந்தப் பொருளுக்குப் பொம்பிகோல் என்று பெயர் வைத்தார். ஐந்து இலட்சம் வாலைக் கிள்ளி எடுத்தவர்களின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

"பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தே மணந்துவிடும்" என்று சொல்வார்கள். அடையாளம் இட்டுத் தூரத்தில் விட்ட ஆண்கள் பெண்ணிடம் திரும்பி வந்தது உண்மை. ஆனால் அவை அலைந்து திரிந்து பாதிவழியில் மணத்தைச் சந்தித்திருக்கலாம். அழைப்பு பயன்படும் தூரம் பெரும்பாலும் சில பத்து மீற்றர் முதல் சில நூறு மீற்றர் வரைதான்.

வண்ணத்துப்பூச்சிக்கும் உண்டா?

அந்துப்பூச்சியும் வண்ணத்துப்பூச்சியும் ஒரே பெருங்குடும்பம். ஆனால் வண்ணத்துப்பூச்சி பகலில் வாழ்கிறது. பகலில் கண் இருக்கிறது. வால் நுனியைத் துருத்தி நெடுந்தூர அழைப்பு விடும் பழக்கம் பெரும்பாலான பெண் வண்ணத்துப்பூச்சிகளுக்கு இல்லை. ஆண் பறந்து திரிந்து, நிறத்தையும் அசைவையும் பார்த்துப் பெண்ணைக் கண்டுபிடிக்கிறது. மணம் கடைசிக் கட்டத்தில், மிக அருகில் வருகிறது. அதையும் பெரும்பாலும் விடுவது ஆண்.

வரம்பில் மண்டிக் கிடக்கும் தேள்கொடுக்குச் செடியைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்துபோன அதன் தண்டில் கறுப்பும் பழுப்புமான வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். தேன் இல்லாத சருகில் என்ன வேலை? பெரும்பாலும் அவை ஆண்கள். செடியில் இருக்கும் கசப்பான நச்சுப்பொருளை உறிஞ்சிச் சேர்க்கின்றன; அதிலிருந்து தங்கள் மணப்பொருளைச் செய்துகொள்கின்றன. வயிற்று நுனியில் இருந்து மயிர்த் தூரிகை ஒன்றை விரித்து, பெண்ணின் மேல் அதைத் தூவுகின்றன.

இதே காரணத்தால்தான் கைபேசிகளில் சுற்றும் ஒரு படமும் குழப்பம் தருகிறது: வயிற்றிலிருந்து நான்கு மயிரடர்ந்த நீண்ட குழாய்கள் ஊதிப் பெருத்திருக்கும் ஓர் அந்துப்பூச்சி. "பெண் பூச்சியின் மணச்சுரப்பி" என்று எழுதி அனுப்புகிறார்கள். அது ஆண், நம் நாட்டிலும் உள்ள இனம். பெண்ணின் சுரப்பி அத்தனை ஆர்ப்பாட்டம் இல்லாதது, பெரும்பாலும் உருப்பெருக்கி இல்லாமல் கண்ணில் படாதது.

பொறிக்குள் யார்?

மறுநாள் காலை மாமாவின் பொறியைத் திறந்து சவர்க்காரத் தண்ணீரில் மிதந்தவற்றை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினோம். பதினொரு பூச்சிகள், பதினொன்றும் ஆண். முட்டையிடும் பெண்ணில் ஒன்றுகூட இல்லை. மாமாவின் முகம் வாடியது. ஓர் ஆண் பல பெண்களோடு சேரக்கூடியது. தப்பிய சில ஆண்கள் போதும், தோட்டம் முழுவதும் முட்டை விழும். எனவே ஒன்றிரண்டு பொறிகளால் தோட்டத்தைக் காப்பாற்ற முடியாது. பூச்சி வந்துவிட்டதா, கூடுகிறதா, குறைகிறதா என்று எண்ணிப் பார்ப்பதற்கே முதலில் அது உதவும். ஏராளமாக வைத்தால் கத்தரி போன்ற பயிரில் பலன் உண்டு. வேறொரு வழியும் இருக்கிறது: தோட்டத்தின் காற்று முழுவதும் செயற்கைப் பெரோமோனைப் பரப்பிவிடுவது. எல்லாத் திசையிலும் பாண் மெட்டு ஒலித்தால் எந்த வண்டியைத் தேடுவது?

வெளிச்சப் பொறியில் ஆணும் பெண்ணும் பல இனங்களும் விழும். அதற்கும் சுரப்பிக்கும் தொடர்பில்லை. மாமரத்தில் தொங்கும் பழ ஈப் பொறியில் இருப்பதும் பெண் ஈயின் பெரோமோன் அல்ல. அது மெதில் இயூஜினோல், துளசியிலும் இருக்கும் தாவரப் பொருள். ஆண் ஈக்கள் அதைத் தேடி வந்து தின்கின்றன. கடையில் எல்லாவற்றையும் 'பெரோமோன்' என்று ஒரே தட்டில் வைத்து விற்கிறார்கள்.

சோளத்துக்கு வந்த இரண்டு பகை

மேட்டுச் சோளத்துக்கு மாமா வைத்திருந்த பொறி வேறு. 2018இல் இலங்கைக்குள் கண்டறியப்பட்டு அம்பாறைச் சோளத்தையும் பதம் பார்த்த சேனா படைப்புழுவுக்கானது. (சேனா என்றாலும் படைதான், பெயரிலேயே இரண்டு படை.) அதன் பெரோமோனில் முக்கியப் பொருள் ஒன்று, சிறிய அளவில் இன்னொன்று, பன்னிரண்டு காபன் சங்கிலி கொண்டது. அந்தச் சிறிய பொருள் இல்லாவிட்டால் ஆண்கள் சரியாக வருவதில்லை.

இரண்டாவது பகை யானை. அதைப் பற்றி 1996இல் ஒரு செய்தி வெளிவந்தது. ஆசியப் பெண் யானை, கருத்தரிக்கும் நாள் நெருங்கும்போது சிறுநீரில் ஒரு பொருளை விடுகிறது. ஆண் யானை தும்பிக்கை நுனியால் அதைத் தொட்டு, வாயின் மேலண்ணத்தில் உள்ள துளைகளில் வைத்துச் சோதிக்கிறது. பெட்ஸ் ராஸ்முசென் என்ற ஆய்வாளரும் குழுவினரும் அந்தப் பொருளைப் பிரித்துப் பார்த்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்களின் பெரோமோன் கலவையில் இருக்கும் அதே மூலக்கூறாக அது இருந்தது. படைப்புழுவின் அந்தச் சிறிய பொருளும் அதுவே. கொழுப்பை வெட்டித் தைக்கும் வழிகள் எண்ணிக்கையில் அடங்குபவை. யானையும் பூச்சியும் தனித்தனியே ஒரே தையலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. குழப்பம் நேர்வதில்லை. பூச்சி விடும் அளவு யானைக்கு ஒன்றுமே இல்லை. பூச்சிக்குத் தேவையான கலவை யானையிடம் இல்லை.

இதைச் சோளத்தோரம் பரணுக்கு அடியில் இருந்து மாமாவுக்குச் சொன்னேன். பீடியைப் பற்றவைக்காமல் விரலிடுக்கில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியென்றால், இந்த றப்பரைக் கொஞ்சம் பெரிதாகச் செய்து கொம்பன் யானைக்கும் ஒரு பொறி வைக்கலாமே?"

"வைக்கலாம் மாமா. ஆனால் ஆண் மட்டும்தான் வரும்."

"ஆண்தானே வருகிறது இங்கே" என்றார். இருட்டத் தொடங்கியிருந்தது. யானை வெடி இரண்டை இடுப்பில் செருகிக்கொண்டு பரணில் ஏறினார்.